நல்ல பிள்ளைக்கு ஒரு பதக்கம்

ஆட்டம் முடிந்ததும் ஒருவரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு பெரிய காசோலை அட்டையைக் கொடுத்து, ‘ஆட்ட நாயகன்’ என்று அறிவிப்பதைக் கிரிக்கெட் பார்க்கிற யாரும் இன்று ஆச்சரியமாக நினைப்பதில்லை. கூடி ஆடி ஜெயித்ததற்கு ஒருவருக்கு மட்டும் ஏன் பரிசு என்று கேட்பாரும் இல்லை. இந்தப் பழக்கத்துக்குத் தாத்தா முறையில் ஒரு பதக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதைத் தொடங்கியவரின் கவலை திறமையைப் பற்றியதல்ல, அடிதடியைப் பற்றியது.

டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858 ஜூலையில் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா கிடந்து உடம்பு மரத்துப்போக வேண்டாம், ஒரு கால்பந்து கிளப் தொடங்கலாமே என்பது அதன் சாரம். மறு வருடமே விதிகள் எழுதியாயிற்று. ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து பிறந்த கதை இது. கிரிக்கெட் மைதானமே களம், முட்டை வடிவப் பந்து. எதிராளியின் தோளில் ஏறிக்கூடப் பந்தைப் பிடிக்கலாம். இப்படி ஓர் ஆட்டத்தில் முழங்கையும் முஷ்டியும் எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவர்களுக்கு வசவுதான் கூலி.

அடிலெய்டு லீகின் தலைவராக இருந்த வில்லியம் ஆஷ்லி மகாரி ஒரு வழக்கறிஞர். தண்டனை மட்டும் போதாது, நல்லபடி ஆடுகிறவனுக்கு லாபமும் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1898இல் ஒரு பதக்கம் அறிவித்தார்: நேர்மையாகவும் பிரமாதமாகவும் ஆடுபவருக்கு. இரண்டில் நேர்மைக்கே முதலிடம். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை, கூட்டம் முழுக்கத் திட்டித் தீர்க்கும் நடுவர்களிடமே விட்டார். திட்டினால் ஓட்டு போய்விடும்! இதைவிடத் தந்திரமான ஏற்பாட்டை ஒரு வக்கீலால்தான் யோசித்திருக்க முடியும். நார்வுட் கிளப்பின் ஆல்பி கிரீன் முதல் பதக்கத்தை வாங்கினார்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1910இல் ஹியூ சால்மர்ஸ் என்ற கார் தயாரிப்பாளர், பேஸ்பாலில் அதிக பேட்டிங் சராசரி வைத்திருப்பவருக்குத் தன் கம்பெனிக் கார் ஒன்று என்றார். விளம்பரத்துக்கு விளம்பரம். டை காப் முன்னணியில் இருந்தார். சக வீரர்கள் பலருக்கே அவரைப் பிடிக்காது. கடைசி நாளில் போட்டியாளர் நாப் லாஜ்வாய்க்கு எதிராக ஆடிய செயின்ட் லூயிஸ் அணியின் மேலாளர், தன் ஆள் ஒருவரை வேண்டுமென்றே பின்தள்ளி நிற்கச் சொன்னார். லாஜ்வாய் பந்தை மெல்லத் தட்டித் தட்டியே ஓடினார். விஷயம் நாறியது, மேலாளரின் வேலை போனது. சால்மர்ஸ் இருவருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துக் கணக்கை முடித்தார். அடுத்த வருடத்திலிருந்து எண்ணை நம்பாமல், பத்திரிகையாளர் குழுவிடம் தேர்வை ஒப்படைத்தார்.

மகாரியின் யோசனையோ மேற்கே நகர்ந்தது. பெர்த்தில் இரும்புச் சாமான் வியாபாரி ஆல்ஃப்ரெட் சாண்டோவர் 1921இல் ஒரு பதக்கம் வழங்க முன்வந்தார். முதல் வருடமே டாம் அவுட்ரிட்ஜும் சிரில் ஹாஃப்ட்டும் சம ஓட்டு வாங்கிவிட்டார்கள். லீக் தலைவர் தன் ஓட்டைப் போட்டு அவுட்ரிட்ஜுக்குக் கொடுத்தார். ஆட்டத்தின் தாய்வீடான மெல்போர்ன்தான் இந்த வரிசையில் கடைசி. அங்கே வந்ததும் ஒரு சாவினால். ஜீலாங் கிளப்பில் ஆடி, பிறகு செயலாளராகப் பல வருடம் உழைத்த சார்லஸ் பிரவுன்லோ 1924 ஜனவரியில் இறந்தார். அவர் நினைவாக லீக் அந்த வருடமே பதக்கம் தொடங்கியது. இன்று ஆட்டத்தின் ஆகப்பெரிய கௌரவம் அந்த பிரவுன்லோ பதக்கம்தான்.

முதல் பதக்கமும் ஜீலாங்குக்கே போனது, எட்வர்ட் கிரீவ்ஸ் என்ற இளைஞருக்கு. ஊரெல்லாம் அவரைக் ‘கார்ஜி’ என்றே கூப்பிட்டது. லண்டனிலிருந்து வந்த ஓர் இசை நாடகத்தில் கார்ஜில்லோ என்ற கற்பனை இந்திய ராஜா வருவார். குழந்தையாக இருந்தபோதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். இந்த ராஜா 1928இல் பசிபிக் கடந்து கலிஃபோர்னியா போய், அங்கே அமெரிக்கக் கால்பந்து மாணவர்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று ஜீலாங் கிளப் தன் வருடாந்திரச் சிறந்த வீரருக்குக் கொடுப்பது கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம். ஜீலாங்காரர் பெயரிலுள்ள பதக்கத்தை வாங்கிய ஜீலாங்காரர் தானும் ஒரு பதக்கமாகிவிட்டார்.

பிரவுன்லோ தேர்வில் ஆரம்பத்தில் நடுவருக்கு ஆட்டத்துக்கு ஒரே ஓட்டு. அதன் வினை 1930இல் தெரிந்தது. ஸ்டான் ஜட்கின்ஸ், ஆலன் ஹாப்கின்ஸ், ஹாரி காலியர் மூவரும் தலா நான்கு ஓட்டு. குறைந்த ஆட்டத்தில் அதே ஓட்டை வாங்கியவரே மேல் என்று கணக்குப் போட்டு, 12 ஆட்டம் மட்டுமே ஆடிய ஜட்கின்ஸுக்குக் கொடுத்தார்கள். கணக்கு சரிதான், ஆனால் சீசன் முழுக்க உழைத்தவனைப் பார்த்து ‘நீ அதிகமாக ஆடிவிட்டாய்’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? மறு வருடமே ஆட்டத்துக்கு மூன்று, இரண்டு, ஒன்று என மூவருக்கு ஓட்டு என்ற முறை வந்தது. இன்றும் அதுதான். சமன் வந்தால் ஒருவரைக் கழித்துக்கட்டும் வழக்கம் மட்டும் 1980 வரை நீடித்தது. 1989இல் லீக் மனசாட்சியைத் தட்டி எழுப்பி, அப்படிக் கழிக்கப்பட்டவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தது. ஹாப்கின்ஸும் காலியரும் எண்பது தாண்டிய வயதில், 59 வருடம் காத்திருந்து வாங்கினார்கள். பெர்த்தும் அடிலெய்டும் பிற்பாடு இதையே காப்பியடித்தன. பெர்த் பாவம் ஹாஃப்ட்டையும் நினைவில் வைத்திருந்தது.

இதற்கிடையில் ஒவ்வொரு கிளப்பும் தனக்கென ஒரு பரிசு வைத்துக்கொண்டது. காலிங்வுட் 1927இல் தன் முன்னாள் செயலாளர் எர்ன் கோப்லேண்ட் பெயரில் கோப்பை தொடங்கியது. மெல்போர்ன் கிளப்பின் பதக்கம் 1943இல் விமான விபத்தில் இறந்த போர் விமானி கீத் ட்ரஸ்காட் பெயரைத் தாங்குகிறது. என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது ஹாதார்ன் கிளப்பின் பதக்கம். அதன் அணித்தலைவர் பீட்டர் கிரிமின்ஸ் சின்ன உருவம், பெரிய நெஞ்சுரம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1975 இறுதியாட்டத்துக்குத் தயார் என்றார். தேர்வுக்குழு உட்கார வைத்தது, அணி தோற்றது. அடுத்த வருடம் ஹாதார்ன் ஜெயித்த இரவில், வீரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்கள். மூன்றாம் நாள் கிரிமின்ஸ் இறந்தார். கிளப்பின் சிறந்த வீரர் விருது இப்போது பீட்டர் கிரிமின்ஸ் பதக்கம்.

இறுதியாட்டம் நடக்கும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கும் ஆட்ட நாயகனுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1971 ஜனவரியில் மழை ஒரு டெஸ்டை அடித்துக்கொண்டு போனதால், கூட்டத்தை ஏமாற்றாமல் இருக்க ஒரு நாள் ஆட்டம் ஒன்று அங்கே வைத்தார்கள். அதுவே முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம். 82 ரன் எடுத்த ஜான் எட்ரிச் ஆட்ட நாயகன், அவருடைய இங்கிலாந்து அணியோ தோற்றது. கால்பந்து இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் 1979இல் வந்தது. முதலில் வாங்கிய கார்ல்டன் வீரர் வெய்ன் ஹார்ம்ஸுக்கு நார்ம் ஸ்மித் தாத்தா முறை! தான் உதைத்த பந்தைத் தானே துரத்தி, எல்லைக்கோட்டருகே பாய்ந்து உள்ளே தட்டிவிட்டார். அது கோலானது, ஐந்து புள்ளியில் வெற்றி. பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று காலிங்வுட் ரசிகர்கள் இன்னும் சண்டைக்கு வருவார்கள். 1982இல் டிவி (Tiwi) தீவுகளிலிருந்து வந்த மாரிஸ் ரியோலி, தோற்ற ரிச்மண்ட் அணியிலிருந்தே இதை வாங்கினார். தோற்றவர் பக்கமும் ஒரு பார்வை இருக்கிற விருதுகள் எனக்குப் பிடிக்கும்.

பதக்கம் கடல் தாண்டி வந்தவருக்கும் கிடைத்தது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர்களைத் தேடி மெல்போர்ன் கிளப் கொடுத்த விளம்பரத்தால் வந்தவர் டப்ளின் பையன் ஜிம் ஸ்டைன்ஸ். 1987இல் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஓடக்கூடாத இடத்தில் குறுக்கே ஓடினார். எதிரணிக்கு 15 மீட்டர் சலுகை கிடைத்தது, கோல் விழுந்தது, அணி வெளியேறியது. வேறொருவர் கப்பல் ஏறியிருப்பார். இவர் 1991இல் பிரவுன்லோ வாங்கினார்.

மகாரியின் நல்ல பிள்ளை நிபந்தனை மட்டும் இன்னும் கறாராக இருக்கிறது: அந்த சீசனில் தடை பெற்றவருக்குப் பதக்கம் கிடையாது. 1996இல் முதலிடத்தில் சமமாக நின்ற கோரி மெக்கெர்னனுக்குக் கை நழுவியது. 1997இல் கிறிஸ் கிராண்ட் எல்லோரையும்விட அதிக ஓட்டு வாங்கினார். ஒரு வாரத் தடை, பதக்கம் ராபர்ட் ஹார்விக்கு. எஸெண்டன் கிளப்பின் ஊக்கமருந்து விவகாரத்தில் ஜோப் வாட்சன் 2012இல் வாங்கியதை 2016இல் திருப்பிக் கொடுத்தார். 2022இல் பாட்ரிக் கிரிப்ஸுக்கு இரண்டு ஆட்டத் தடை விழுந்தது. மேல்முறையீட்டில் வக்கீல்கள் நடைமுறைக் குறையைக் காட்டி அதை உடைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் மூன்று ஓட்டு கிடைத்து, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பதக்கம் அவருக்கு. வக்கீல் மகாரி இருந்திருந்தால் எந்தப் பக்கம் வாதாடியிருப்பாரோ!

பெண்களுக்கான தேசிய லீக் 2017இல் தொடங்கியபோது யார் பெயரும் இல்லாமல் ஒரு விருது வைத்தார்கள். முதலில் வாங்கிய எரின் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்டின் பெரிய வீரர் கிரெக் பிலிப்ஸின் மகள். பையன்களோடு ஆடி வளர்ந்தவர். ஒரு வயதுக்கு மேல் பெண்ணுக்கு அதில் இடமில்லாததால் கூடைப்பந்துக்குப் போய், அமெரிக்க லீகில் இரண்டு சாம்பியன் அணிகளில் இருந்துவிட்டுத் திரும்பினார். 2019 இறுதியாட்டத்துக்கு 53,034 பேர் வந்திருந்தார்கள். பாதி ஆட்டத்துக்கு மேல் முழங்கால் தசைநார் கிழிந்து, ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அதற்குள் ஆடிய ஆட்டத்துக்கே களத்தின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். அதே வாரம் லீகின் விருதும் இரண்டாவது முறையாக.