கல்வராயன் மலையும் நெய்வேலிக் கரியும்

புவி வெப்பமாதலை கல்வராயன் மலையிலிருந்து பார்க்கணும்னா பழைய தென்னாற்காடு மாவட்ட வரைபடத்தை எடுங்க. 1993 வரை கள்ளக்குறிச்சி, நெய்வேலி, சிதம்பரம் மூன்றும் அதில்தான் இருந்தன.

நெய்வேலிச் சுரங்கப் பணியை 1957-ல் நேரு தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பழுப்பு நிலக்கரி, கார்பன் டை ஆக்சைடாகி மேலே போனது. தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அந்த வாயு மறித்துக்கொள்ளும்.

அந்த நாட்களில்தான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வீ. ராமநாதன் பொறியியல் படித்தார்; 1965-ல் பட்டம். பிறகு செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன கம்பெனியில், வாயு ஏன் கசியுதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. சலிப்பூட்டும் வேலைதான்! ஆனா 1975-ல் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட ஆய்வு அதே குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களைப் பற்றியது. கார்பன் டை ஆக்சைடு தடுக்காமல் விட்ட வெப்பத்தையும் அவை பிடித்துக்கொள்ளும்; ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம்.

மலையிலோ ஜாகீர்தார்களின் பிடி 1976-ல்தான் விட்டது. கரியோ குளிர்பெட்டியோ அந்த மலையாளிப் பழங்குடிகள் கண்ட வசதி இல்லை. அவங்க சாமையும் தினையும் மானாவாரி. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், சரிவில் மண்ணையும் அரித்துப் போகும். அடிவாரத்துக் கோமுகி அணைக்கும் இதே மலைமழைதான்.