முதல் அருவி: பிள்ளையை எந்தத் தண்ணியில இறக்குறது?

எங்க டீம் நண்பர் ஒருத்தர் ஆன்சைட்ல சுவிட்சர்லாந்துல இருக்கார். போன வாரம் கால்ல வேலை பேசினது பத்து நிமிஷம், மிச்சம் அரை மணி நேரம் ஒரே புலம்பல். ஏழு வயசு மகளை முதல் தடவையா பனிச்சறுக்குக்குக் கூட்டிட்டுப் போகணுமாம், எந்த ஊருக்குப் போறதுன்னு தெரியலையாம். சரிவு ரொம்பச் செங்குத்தா இருந்தா பிள்ளை பயந்துடும். ஒரேயடியா தட்டையா இருந்தா அப்பனுக்கு போரடிக்கும். பள்ளி லீவுல போனா கூட்டம், லீவு முடிஞ்சு போனா பனி உருகிடும்.

அங்கே சரிவுக்கெல்லாம் கலர் வெச்சிருக்காங்க. பிரான்ஸ்ல பச்சைதான் ரொம்ப எளிசு, அப்புறம் நீலம், சிவப்பு, கறுப்புன்னு கஷ்டம் கூடிக்கிட்டே போகும். சுவிஸ், ஆஸ்திரியா பக்கம் பொதுவா நீலத்துலதான் ஆரம்பம். 1920-களில் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன் ஊரில் ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் பள்ளிக்கூடம் நடத்தி, புதுசா வர்றவங்களுக்குப் படிப்படியா சொல்லிக் கொடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார். நம்ம நாட்டிலும் 1927-லேயே குல்மார்க்கில் வெள்ளைக்கார அதிகாரிகள் பனிச்சறுக்குக் கிளப் ஆரம்பிச்சாச்சு.

நெல்லைக்காரனுக்குப் பனின்னா மார்கழி விடியக்காலையில புல்லு மேல கிடக்குறது மட்டும்தான். ஆனா நண்பரோட கேள்வி எனக்குப் புதுசா இல்லை. ரெண்டு நாள் முன்னாடிதான் எங்க அக்கா அதே கேள்வியை வேற மாதிரி கேட்டிருந்தா. "ஏலே, பயலுக்கு ஆறு வயசு முடியப் போவுது, இன்னும் அருவியில நனைஞ்சதே இல்ல. நான் மட்டும்தான் கூட்டிட்டுப் போவணும். எங்கலே போவ?" அத்தான் வளைகுடாவில் இருக்கார், அவருக்கு லீவு கிடைக்காது.

குற்றாலம்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா குற்றாலத்துல எது? பேரருவியா, ஐந்தருவியா, சிற்றருவியா, புலியருவியா, பழைய குற்றாலமா? இல்லைன்னா பாபநாசம் பக்கம் அகஸ்தியர் அருவியா? தாமிரபரணி வட்டாரத்துல ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதைப் பார்த்தாலே பிள்ளையை எங்கே இறக்கலாம்னு முக்கால்வாசி புரிஞ்சிடும். அதான் இந்தப் பதிவு.

முதல்ல குற்றாலம். பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். இன்ஜினியரிங் படிச்ச தோஷம், கணக்குப் போடாம இருக்க முடியல. 60 மீட்டரில் இருந்து தண்ணி நேரா விழுந்தா, காற்றுத் தடையை விட்டுட்டுப் பார்த்தால், கீழே வரும்போது வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல. அதுக்குக் கீழ மனுஷன் நிக்கவா முடியும்? ஆனா நிக்கிறோம், தலையைக் கொடுத்து ஆனந்தமா நிக்கிறோம். காரணம் பொங்குமாங்கடல். மேலே இருந்து வர்ற தண்ணி நடுவழியில் பாறையில் இருக்கும் அந்த ஆழமான குழியில விழுந்து, பொங்கி, வேகத்தை அங்கேயே தொலைச்சுட்டு, மறுபடி வழிஞ்சு நம்ம தலைக்கு வருது. பாறை போட்ட பிரேக்! அந்தக் குழி இல்லைன்னா பேரருவி தூரத்துல நின்னு போட்டோ எடுக்கிற அருவியாத்தான் இருந்திருக்கும்.

18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய காலத்தில் இங்கே வந்தவங்க குற்றாலநாதரைக் கும்பிடவும் தீர்த்தமாடவும் வந்தவங்க. சும்மா ஜாலியா குளிக்க, லீவு போட்டுட்டு, தங்குறதுக்கு வீடு பிடிச்சு வர்ற பழக்கம் பெரிசானது கம்பெனிக்காரன் காலத்துல. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்துல குளிருது, அதுல ஆச்சரியம் இல்லை. ஆனா இவ்வளவு தாழ்ந்த இடத்தில் ஜூன் மாசம் சிலுசிலுன்னு இருக்கக் காரணம் ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கும்போது, மலைத்தொடரின் அந்த இடைவெளி வழியா காத்தும் சாரலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே பங்களா கட்டினாங்க, ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டாங்க. 1904-இல் செங்கோட்டை வழியா கொல்லம் வரைக்கும் மீட்டர்கேஜ் ரயில் ஓட ஆரம்பிச்சதும், தென்காசியில் இறங்கி சாமானிய ஜனங்களும் குடும்பத்தோட வர வழி பிறந்தது. பின்னாடி ரசிகமணி டி.கே.சி. இங்கேயே குடியிருந்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவர் வீட்டு விருந்தாளிகள். (2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிப் போச்சு, அதனால் குற்றாலம் இப்போ கணக்குப்படி நெல்லை மாவட்டம் இல்லை. எங்களுக்கு மட்டும் இன்னும் நெல்லைதான்!)

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்கணும். சீசன் ஆரம்பிக்கிறது ஜூன். பள்ளிக்கூடம் திறக்கிறதும் ஜூன். ஏப்ரல், மே முழு ஆண்டு லீவுல பேரருவி பெரும்பாலும் பாறையாத்தான் கிடக்கும், கோடைமழை பெய்தால் உண்டு. ஆகவே ஊர்ல இருக்கிற எல்லா அப்பா அம்மாவும் ஜூன், ஜூலை சனி ஞாயிறில்தான் வர முடியும். என் நண்பருக்கு லீவும் பனியும் ஒத்துவராத அதே கதை.

அப்போ அந்தக் காலத்து நெல்லைப் பிள்ளைங்க லீவுல என்ன பண்ணுச்சு? ஆத்துக்குப் போச்சு. என்னைக் கேட்டால் தாமிரபரணி வட்டாரத்தின் 'பச்சைச் சரிவு' அருவியே இல்லை, ஆறும் வாய்க்காலும்தான். ஆத்தின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர்னு ஏழு வெள்ளைக்காரனுக்கு முன்னாடியே கட்டினது. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் ஆங்கிலேயர் கட்டினது. கட்டினதெல்லாம் நெல்லுக்காக. ஆனா அதுல இருந்து பிரியுற கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எல்லாம் தலைமுறை தலைமுறையா பிள்ளைங்களுக்கு நீச்சல் பள்ளிக்கூடமா இருந்துச்சு. மலையில இருந்து வர்ற வேகத்தை அணைக்கட்டு வாங்கிக்கிடும். வாய்க்கால்ல தண்ணி சீரா, பெரியவங்க இடுப்பளவுக்கு ஓடும். ரெண்டு பக்கமும் கரை கைக்கெட்டுற தூரம். பொங்குமாங்கடல் செய்யிற வேலையை இங்கே மனுஷன் கல்லடுக்கிச் செஞ்சிருக்கான்.

கார் சாகுபடிக்கு ஜூன்ல வாய்க்கால் திறப்பாங்க, பிசானம் முடிஞ்சதும் அடைப்பாங்க. அதனால கோடை லீவுல வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும். அப்போ ஆறுதான் கதி. கோடையில ஆறு முழங்காலளவு, அடியில சர்க்கரை மாதிரி மணல். எங்க தாத்தா தலைமுறை காய்ஞ்ச சுரைக்குடுவையை முதுகுல கட்டிக்கிட்டு, இல்லைன்னா வாழைமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நீந்தக் கத்துக்கிட்ட இடம் அது. அப்பா காலத்துல லாரி டியூப். எங்கே கசம், எங்கே சுழின்னு படித்துறையில துணி துவைக்கிற ஆச்சிக்கெல்லாம் தெரியும். "அங்கன போவாதலே"ன்னு ஒரு சத்தம் வந்தா பய திரும்பிடுவான்.

அந்த அறிவு இன்னைக்கு அவ்வளவா உதவாது. மணல் அள்ளினதுதான் காரணம். பல வருஷம் லாரி லாரியா அள்ளி, ஆத்துக்குள்ள எங்கெங்கேயோ பள்ளம். மேல பார்த்தா தண்ணி அமைதியா, கண்ணாடி மாதிரி இருக்கும். ரெண்டு எட்டு வெச்சா ஆள் மட்டம். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் அஞ்சு வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை போட்டது. ஆனா தோண்டின பள்ளம் தடை உத்தரவைப் படிச்சுட்டுத் தானா மூடிக்காது. மேல இருக்கிற அணைகள் மணலைத் தடுத்து வெச்சுக்கிறதால புது மணலும் பழைய மாதிரி வந்து சேராது. இயற்கையும் மன்னர்களும் சேர்ந்து பிள்ளைங்களுக்கு அமைச்சுக் கொடுத்த இடத்தை, வீடு கட்ட மணல் வேணும்னு நாமளே தோண்டி எடுத்துட்டோம். கோவம் வருது, வேற என்ன சொல்ல.

அணைன்னு சொன்னதும் பாபநாசம். காரையாறில் 1940-களின் தொடக்கத்தில் முடிஞ்ச பாபநாசம் அணை, 143 அடி. அதுக்கும் முன்னாடியே, 1880-களில், ஹார்வி கம்பெனி விக்கிரமசிங்கபுரத்தில் மில் வெச்சது இந்தத் தண்ணி விழுற வேகத்தை நம்பித்தான். அகஸ்தியர் அருவியில பெரும்பாலும் வருஷம் பூராவும் தண்ணி விழும், அதனால கோடை லீவுக்கு இதுதான் கைகொடுக்கும். இப்போ களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ள வர்றதால வனத்துறை சோதனைச்சாவடி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. கீழே பாபநாசம் கோயில் படித்துறையில மீனுக்குப் பொரி போடலாம், பிள்ளைக்கு அருவியை விட அதுதான் பிடிக்கும்! ஆனா மேல அணை இருக்குங்கிறதை மறக்கக் கூடாது. தண்ணி திறந்துவிட்டா ஆறு சட்டுன்னு ஏறும். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பத்தி நெல்லையில எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளேயே இருக்கிறதால, வெள்ளம் வருதுன்னா உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிடுவாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் கோயில் முழுகிச்சு. மணிமுத்தாறு அருவி பார்க்க அம்சமா இருக்கும், ஆனா கீழே ஆழமான தடாகம். அதை முதல் தடவைக்கு நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

சரி, அணை இருந்தா ஆபத்து, குற்றாலத்துல அணை இல்லையே, நிம்மதிதானேன்னு கேட்கலாம். அங்கேதான் விஷயம். சிற்றாறு அருவிகளுக்கு மேல தண்ணியைப் பிடிச்சு வெச்சு, சொல்லிட்டுத் திறக்க யாரும் இல்லை. செங்குத்தான மலை, மேல பெய்யுற மழை கொஞ்ச நேரத்துல கீழ வந்துடும். கீழே வெயிலடிச்சுக்கிட்டு இருக்கும். 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல அப்படித்தான் திடீர்னு வெள்ளம் வந்தது. குளிச்சுக்கிட்டு இருந்தவங்க தப்பிச்சு ஓடினாங்க, நெல்லையைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுக்கிட்டுப் போய் உயிரை விட்டான். மே மாசம், சீசனே இல்லை, கோடை லீவு. ஆறு வயசுப் பிள்ளையைக் கையில் பிடிச்சிருக்கிற ஒரு அம்மாவுக்கு ஓடுறதுக்கு எத்தனை நொடி கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பேரருவியில பாதுகாப்பு வளைவுன்னு ஒண்ணு இருக்கு. தண்ணி அதைத் தாண்டி விழுந்தா போலீஸ் விசில் அடிச்சு எல்லாரையும் வெளியேத்திடுவாங்க. கலர் போர்டெல்லாம் கிடையாது, நம்ம ஊர்ல அந்த வளைவுதான் அடையாளம். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், அஞ்சு நிமிஷம் சார்"னு போலீஸ்கிட்ட மல்லுக்கட்டுறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்காது, எரிச்சலாத்தான் இருக்கும்.

இன்னொரு சங்கடம், இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அருவியில ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி. அக்கா மகனை அம்மாவோட பெண்கள் பக்கம் கூட்டிட்டுப் போகலாம், ஆறு வயசுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா முணுமுணுப்பு வரும். ஒரு அப்பா தனியா மகளைக் கூட்டிட்டு வந்தால் இன்னும் கஷ்டம். எண்ணெய் வழிய நிக்கிற ஆம்பளைக் கூட்டத்துக்குள்ள (எண்ணெய், சோப்புக்கெல்லாம் தடை இருக்கு, அது வேற விஷயம்) சின்னப் பொண்ணை எப்படிக் கூட்டிட்டுப் போறது? புலியருவி மாதிரி சின்ன அருவிகள் இந்த விஷயத்துல பரவாயில்லை. உயரம் கம்மி, வேகம் கம்மி, தள்ளுமுள்ளும் கம்மி.

ஆக, அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். ஜூலை சனி ஞாயிறு வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில ஒரு புதன்கிழமை, பள்ளிக்கு ஒரு நாள் மட்டம், ஒண்ணும் குடி முழுகிடாது. காலையிலேயே போயிடணும். முதல்ல புலியருவி. பயலைத் தண்ணிக்கு நேர் கீழே நிறுத்தாதே. ஓரத்துல உக்கார வெச்சு காலை நனைக்கட்டும், அப்புறம் உன் முதுகுல தண்ணியை வாங்கிக்கிட்டு அவனை முன்னாடி பிடிச்சுக்கோ, சிதறுறது மட்டும் அவனுக்கு. சிரிச்சான்னா மதியம் ஐந்தருவி, கூட்டத்தைப் பார்த்துட்டு ஓரமா. அழுதான்னா வற்புறுத்தாதே, கரையில உக்காந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுட்டுத் திரும்பிடுங்க. பேரருவி அடுத்த வருஷம். தண்ணி திடீர்னு கலங்கலா வந்தாலோ, இலை, குச்சி அடிச்சுக்கிட்டு வந்தாலோ துண்டு, செருப்பு எதையும் எடுக்க நிக்காம வெளியே வந்துடு.

"பஜ்ஜி சரி, லீவு லெட்டர்ல என்னலே எழுத?"ன்னு கேட்டா.

காய்ச்சல்னு எழுதச் சொல்லியிருக்கேன்.