முகவரி இழந்தோரும் உளநலப் பணியும்
சம்பூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவை அணைந்து கிடக்கும் ஊர் சம்பூர். வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த மக்களையும், பத்திரகாளி அம்பாள் கோயிலையும் கொண்டது அது. இத்தகைய ஊர்களில் உளநோயுற்று அலையும் ஒருவர் எளிதில் வீடற்றவராகிவிடுவதில்லை. அவர் யாருடைய பிள்ளை என்பது தெருவுக்குத் தெரியும். ஏதேனுமொரு வாசலில் ஒருநேரச் சோறு கிடைக்கும். இரவில் காணாவிடின் தேடுவதற்கு ஆளிருக்கும். கேலியும், சில வேளைகளிற் கட்டிவைத்தலும் உண்டாயினும், ஊரார் அறிந்திருத்தல் என்பது ஒரு காவலாகவே இருந்துவந்தது. அக்காவல் குலையுமிடத்தே நோயாளர் முற்றாக வீடற்றவராகின்றார். வீடற்ற உளநோயாளரைத் தேடிச்செல்லும் பணியின் வரலாற்றை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

சட்டமும் மதிலும்

குடியேற்ற ஆட்சியினர் தெருவில் அலைந்தோரைப் பொது ஒழுங்கின் கண்கொண்டே நோக்கினர். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. 1873ஆம் ஆண்டின் சட்டம் உளநோயாளரை நீதிமன்றின் வழியாகக் காப்பகத்துக்கு அனுப்பும் முறையை வகுத்தது. இவ்விரு சட்டங்களுக்கும் பொதுவான ஒரு நோக்கு உண்டு. தெரு என்பது ஒருவரை அப்புறப்படுத்தவேண்டிய இடமேயன்றிப் பராமரிப்பதற்குரிய இடமன்று என்பதே அந்நோக்கு. 1920களின் பிற்பகுதியில் அங்கொடையில் எழுந்த பெரிய உளநோய் வைத்தியசாலை இந்நோக்கின் உச்சமெனலாம்.

1937இல் இலங்கைக்கு வந்த ஆங்கிலேய உளமருத்துவர் எட்வேட் மப்போதர் அங்கொடையின் நெருக்கடியைக் கண்டித்தார். சேவைகளைப் பரவலாக்க வேண்டுமென்றும் அவர் பரிந்துரைத்தார். அதன்பின் கொழும்புப் பொது வைத்தியசாலையில் வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கிற்று. மதிலில் ஒரு வாயில் திறந்தது உண்மையே. ஆயினும் நோயாளரே வைத்தியசாலையை நாடி வரவேண்டுமென்ற நிலை நீங்கவில்லை. மூதூர்ப் பகுதியினருக்கு இது எத்துணை அரிது என்பது வெளிப்படை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்குத் தரைவழியாகச் செல்வோர் நீர்த்துறைகளைப் பாதையேறிக் கடக்கவேண்டியிருந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று. 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, மாவட்டந்தோறும் சேவை அமையவும் அது சமூகத்தை நாடிச் செல்லவும் வழிவகுத்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சமூகமட்டப் பணியாளர் பயிற்றப்பட்டு வீடுகளுக்குச் சென்றனர். கிழக்கில் உளநலச் சேவையை அடியிலிருந்து கட்டியெழுப்பிய அனுபவத்தை, மட்டக்களப்பிற் பணியாற்றிய உளமருத்துவர் மகேசன் கணேசன் 2011இல் கட்டுரையாக எழுதியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

எனினும், வீடு தேடிச் செல்லும் பணிக்கு வீடு என ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? கொள்கை ஏற்கப்பட்ட மறு ஆண்டிலேயே சம்பூர் தன் வீடுகளை இழந்தது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சும் எறிகணையும் தொடங்கின. செப்டெம்பர் 4ஆம் நாள் ஊர் இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் சிதறினர். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். 2007இல் ஊர் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்குமென நிலம் ஒதுக்கப்பட்டது. 2015இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. கடற்படை முகாம் அமைந்திருந்த நிலம் 2016இல் விடுவிக்கப்பட்டது. அனல்மின் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

போர் தனிமனிதரின் உள்ளத்தை மட்டுமன்றிக் குடும்பம், ஊர் ஆகிய பிணைப்புகளையும் காயப்படுத்துகின்றது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்னும் கருத்தால் விளக்கியுள்ளார். சம்பூரின் நிலைக்கு இது நன்கு பொருந்துகின்றது. அவ்வாண்டுகளில் சம்பூரைச் சேர்ந்த ஒருவர் சிகிச்சையால் தேறியிருப்பின், அவரை எம்முகவரிக்கு அனுப்புவது? வீடு வேலிக்குள்ளும் அயலார் முகாமிலும் இருக்கையில், குணமடைதல் வேறு, வீடு திரும்புதல் வேறு என்றாகிவிடுகின்றது.

சென்னையின் அனுபவம்

போரறியாத சென்னையிலும் இதே வினா வேறு வழியாக எழுந்தது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் நிறுவிய பானியன் அமைப்பு, தெருவில் அலைந்த உளநோயுற்ற பெண்களை அணுகி, அடைக்கலமும் சிகிச்சையும் அளித்து, குடும்பத்துடன் சேர்த்துவைக்க முயன்றது. இப்பணியின் அவசியத்தை நாடு முழுவதும் உணரச்செய்தது ஏர்வாடிக் கொடுமையாகும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கு கொட்டகையொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தப்பமுடியாது மாண்டனர்.

தேறியவர்களுட் பலருக்குத் திரும்பிச்செல்லக் குடும்பமே இல்லை என்பதைப் பானியன் அமைப்பினர் அனுபவத்தால் அறிந்தனர். எனவே 2015 முதல், சாதாரணக் குடியிருப்புகளில் வாடகை வீடுகளை அமர்த்தி, சிலர் சேர்ந்து வாழவும் பணியாளர் துணைநிற்கவும் ஒழுங்குசெய்தனர். சந்தைக்குச் செல்லுதல், சமைத்தல், அயலாருடன் பேசுதல் என்பனவும் அங்கே சிகிச்சையின் கூறுகளாயின. 2017ஆம் ஆண்டின் இந்திய உளநலப் பராமரிப்புச் சட்டமும், சமூகத்தில் வாழ்தலை நோயாளரின் உரிமையாக ஏற்றது.

முடிவுரை

மதிலுக்குள் அடைத்தலிலிருந்து தெருவுக்குச் செல்லுதல், தெருவிலிருந்து வீடொன்றை மீட்டளித்தல் என இப்பணி வளர்ந்து வந்துள்ளது. மாத்திரை நோயைத் தணிக்கலாம். ஆனால் ஒருவரை இன்னார் என்று அறிந்து, பெயர் சொல்லி அழைக்கும் அயலை அது தரமாட்டாது. சம்பூர் மக்கள் நிலம் கேட்டுப் பல ஆண்டுகள் குரலெழுப்பியபோது, அது சொத்துரிமைக் கோரிக்கையாகவே கொள்ளப்பட்டது. உளநலப் பணியின் வரலாற்றை அறிந்தோர்க்கு அது உளநலக் கோரிக்கையுமாகும். வேலி அகன்றுவிட்டதால் மட்டும் சிதறிய அயல் ஒன்றுகூடிவிடாது. மீண்ட ஊரில் பழைய அறிமுகங்களைப் புதுப்பிக்கத் துணைநிற்பதும், அங்கே தனித்து அலைவோரைத் தேடிச்செல்வதும் ஒரே பணியின் இரு கூறுகளேயாம்.