பெரோவின் தொண்டர்கள் மறந்த கோபம்

1992 பிப்ரவரியில் டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ, லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு நிபந்தனை வைத்தார். 50 மாநிலங்களிலும் மக்களே முன்வந்து தன் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினால், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்கத் தயார். பின்னால் கட்சி எதுவும் கிடையாது. ஆனாலும் ஜனங்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஜூனில் கருத்துக்கணிப்புகளில் புஷ், கிளிண்டன் இருவரையுமே முந்தியிருந்தார் மனிதர். ஜூலை 16 அன்று திடீரென்று விலகிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது கதை.

லிண்டா லெவைன் என்ற உளவியலாளருக்கு அங்கேதான் வேலை ஆரம்பித்தது. சூடு ஆறுவதற்குள் பெரோவின் ஆதரவாளர்களிடம் எவ்வளவு வருத்தம், எவ்வளவு கோபம், எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டார். அக்டோபர் 1 அன்று பெரோ மறுபடி களத்துக்கு வந்தார். நவம்பரில் ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கித் தோற்றார். தேர்தல் முடிந்தபின் அதே ஆட்களிடம் லெவைன் திரும்பக் கேட்டார்: ஜூலையில் உங்களுக்கு எப்படி இருந்தது?

வேறு பக்கம் போய்விட்டுப் பெரோவிடமே திரும்பியவர்கள், தாங்கள் அன்று பட்ட கோபத்தைக் குறைத்துச் சொன்னார்கள். கடைசிவரை விலகாமல் நின்றவர்களுக்குத் தங்கள் பழைய வருத்தம் சின்னதாகத் தெரிந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆளை மன்னித்தாயிற்று, அதோடு சேர்ந்து கோபமும் திருத்தப்பட்டுவிட்டது. அதுவும் நான்கே மாதத்தில்! கோடு எழுதுகிற நாங்கள் மாற்றுவதற்கு முன் பழைய பிரதியை எடுத்துவைப்போம். மூளைக்கு அந்தப் பழக்கம் இல்லை போல.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி 3000க்கும் அதிகமானவர்களிடம் ஒரு வாரத்துக்குள் கேட்டு, பிறகு பத்து வருடம்வரை அவர்களைத் தொடர்ந்த ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தோம், யார் சொன்னார்கள் என்பதைவிட, அப்போது என்ன உணர்ந்தோம் என்பதைத்தான் மக்கள் மோசமாக நினைவு வைத்திருந்தார்கள்.

வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களுக்கு இது உறுத்த வேண்டும். ‘அன்னைக்கு நாங்க பயப்படவே இல்ல தம்பி’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை அந்தப் போராட்டக் காலத்தின் சாட்சியமாக அப்படியே எழுதிவிடுகிறோம். பயத்தைக் கடந்து அறுபது வருடம் வாழ்ந்தவரின் இன்றைய மனசும் அதில் பேசுகிறது. அதைத் தூக்கிப்போட வேண்டாம். இன்றைய தேதியிட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போட்ட கார்டு ஒன்று பரணில் கிடக்கிறதா என்றும் கேட்டுப்பார்க்கலாம்.