கோப்பித் துறைமுகத்தின் கழகம்

மாத்தளைப் பக்கத்து எல்கடுவையில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். ஆனால் எங்கள் ஆட்களை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது கோப்பி. லயத்துக் கோடியில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில், இரண்டொரு கோப்பிச் செடி இன்னும் நிற்கிறது. பழம் சிவந்ததும் பறித்துக் காயவைத்து, வறுத்து, உரலில் இடித்து, கொத்தமல்லியோடு சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடிப்போம். எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் பழங்கதை பேசினால் "கோப்பிக் காலத்துல..." என்றுதான் தொடங்குவார்கள்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். உதைபந்தாட்டம் என்றால் எனக்கு உயிர். பிரேசிலின் சான்டோஸ் கழகத்தின் வரலாற்றைப் படிக்கப் போனபோது, எங்கள் மலையின் கதை அதற்குள்ளே கிடந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1867ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டுதான் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை மாட்டு வண்டியில் இறங்கிய கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுபோவதற்கென்றே போட்ட பாதை அது. அதே 1867இல், பெப்ரவரியில், பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்திலிருந்து ஜுன்டியாய் வரைக்கும் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று ரயில் பாதையைத் திறந்தது. செங்குத்தான மலைச்சரிவில் கம்பிவடம் கட்டிப் பெட்டிகளை ஏற்றி இறக்கினார்கள். அதுவும் கோப்பிக்காகத்தான். ஒரே பயிர், ஒரே நாட்டு முதலாளிகள், ஒரே ஆண்டு.

இரண்டே ஆண்டில் எங்கள் பக்கம் விதி மாறியது. 1869இல் இலங்கைக் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்தது. இலைத்துரு நோய். இலை உதிர்ந்தது, காய்ப்புக் குறைந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி வந்து, அது காற்றில் பரவும் பூஞ்சணம் என்று நிறுவினார். மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டு வைத்திருந்ததால் அதைத் தடுக்க வழியிருக்கவில்லை. அதே 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கால்நடையாகக் கடந்து, வழியில் கொள்ளை நோய்க்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள், கோப்பிச் செடியைப் பிடுங்கிய கையாலேயே தேயிலை நட்டார்கள்.

பிரேசில் அதற்கு முன்பே உலகக் கோப்பியில் முதலிடத்தில் இருந்தது. இலங்கையும் ஜாவாவும் அடிபட்டதும் அதற்கு ஆசியாவில் போட்டி குறைந்தது. சான்டோஸ் வீங்கிப் பெருத்த நகரமானது. தோட்டங்களில் முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13ஆம் திகதிதான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை கொடுத்தவர்கள் ஒரு துண்டு நிலம் கொடுக்கவில்லை. அவர்கள் இடத்துக்கு இத்தாலியர்களை இறக்கினார்கள். 1908இல் 'கசாத்தோ மாரு' கப்பலில் ஜப்பானியர்களும் இதே துறைமுகத்தில்தான் வந்திறங்கினார்கள். தலைக்கு 60 கிலோ மூட்டை சுமந்து கப்பலில் ஏற்றிய கூலிகளின் ஊர் அது.

பந்தும் அதே ரயில் பாதையோடுதான் வந்தது. ரயில் வேலைக்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரின் மகன் சார்ல்ஸ் மில்லர், இங்கிலாந்தில் படித்துவிட்டு 1894இல் பந்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14இல் சாவோ பாவ்லோவில் ரயில்வே அணியும் எரிவாயுக் கம்பெனி அணியும் மோதின. பிரேசில் உதைபந்தாட்டத்தின் தொடக்கமாக அந்த ஆட்டத்தைத்தான் சொல்வார்கள்.

சரியாகப் பதினேழு ஆண்டு கழித்து, 1912 ஏப்ரல் 14ஆம் திகதி, சான்டோஸில் ரொசாரியோ வீதியிலிருந்த ஒரு சங்கத்தின் மாடியில் உள்ளூர் இளைஞர்கள் கூடினார்கள். என்ன பெயர் வைப்பது என்று நெடுநேரம் பேச்சு. 'ஆப்பிரிக்கா' என்றுகூட ஒருவர் முன்மொழிந்தார். கடைசியில் ஊரின் பெயரே நின்றது. செப்டெம்பரில் நடந்த முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் அதே ஊரின் ஆங்கிலேயர் கழகத்தை 3–2 என்று வென்றார்கள். முந்தைய ஆண்டு கல்கத்தாவில் இந்தியர்களின் மோகன் பகான் கழகம், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை 2–1 என்று தோற்கடித்திருந்தது. துரைமாரின் விளையாட்டில் துரைமாரையே வெல்வது என்ன என்பதைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1916இல் விலா பெல்மிரோ என்ற பகுதியில் மைதானம் திறந்தார்கள். அதன் அதிகாரபூர்வப் பெயர் உர்பானோ கல்தெய்ரா. இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். கழகத்துக்கு ஆடினார், அணியைப் பயிற்றினார், நிர்வாகத்தில் இருந்தார்; எல்லாவற்றுக்கும் மேலே, மைதானத்துப் புல்லைத் தன் கையாலேயே பராமரித்தார். 1933இல் அவர் இறந்தபின் அவர் பெயரையே மைதானத்துக்கு வைத்தார்கள். பணம் போட்டவன் பெயரை வைக்கும் உலகத்தில், புல் பிடுங்கியவனின் பெயரை வைத்த கழகம் இது.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1927 மாநிலப் போட்டியில் 16 ஆட்டத்தில் 100 கோல் அடித்தும் கிண்ணம் பலெஸ்ட்ரா இத்தாலியாவுக்குப் போனது. அதற்குள் உலகப் பொருளாதாரம் சரிந்தது. விலை வீழ்ந்த கோப்பியை வாங்க ஆளில்லாமல், 1931க்கும் 1944க்கும் இடையில் பிரேசில் அரசு 7 கோடியே 80 லட்சம் மூட்டைகளை எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது. அந்தப் புகைக்கு நடுவில், 1935இல், கொரிந்தியன்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று சான்டோஸ் முதன்முறையாக மாநிலச் சம்பியனானது.

பிறகு 1956. கோப்பி நாட்டின் உட்பகுதியில் பவுரு என்ற ரயில் சந்தி ஊர். அங்கே முழங்கால் பழுதான உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் மகன், பழைய காலுறைக்குள் துணி திணித்துப் பந்தாக்கி உதைத்தவன், சப்பாத்துத் துடைத்துக் காசு சேர்த்தவன். வல்டெமார் டி பிரிட்டோ என்ற பழைய ஆட்டக்காரர் அவனைச் சான்டோஸுக்குக் கூட்டிவந்தார். பையன் அதுவரை கடலையே கண்டதில்லை. பெயர் எட்சன் அரான்டெஸ் டோ நாசிமென்டோ. வீட்டுக்கு வெளியே பெலே. செப்டெம்பர் 7ஆம் திகதி, பதினைந்து வயதில், முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தான்.

அதன்பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டொர்வால், மெங்கால்வியோ, கூட்டின்யோ, பெலே, பெப்பே என்ற அந்த முன்வரிசை உலகத்தையே சுற்றி ஆடியது. 1962 உலகக் கிண்ணம் வென்ற பிரேசில் குழுவில் ஏழு பேர் சான்டோஸ்காரர்கள். அதே ஆண்டு லிஸ்பனில் பென்பிகாவை 5–2 என்று நொறுக்கி உலகக் கழகச் சம்பியனானார்கள். பெலே மூன்று கோல். அடுத்த ஆண்டு மிலானையும் வென்றார்கள். விலா பெல்மிரோ சின்ன மைதானம், வாயில் கட்டணம் கட்டுபடியாகாது. அதனால் அந்த நட்சத்திரங்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கழகம் கண்டம் கண்டமாக ஓடிக் கூலிக்கு ஆட வேண்டியிருந்தது. பெலேயின் கால் தேய்ந்ததில் அதற்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1964 நவம்பர் 21 அன்று விலா பெல்மிரோவில் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரத்தின் பொட்டபோகோவை 11–0 என்று வென்றார்கள். பெலே மட்டும் எட்டுக் கோல். மூன்று வாரத்துக்கு முன், அக்டோபர் 30இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிமைகளின் வம்சத்தில் வந்த பெலேயை அதே நேரத்தில் ஒரு தேசம் தன் முகமாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிரேசிலில் கறுப்பருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வறுமையும் நிறவெறியும் அங்கே இன்றும் உண்டு. ஆனாலும் 'நீ இந்த நாட்டுக்காரன் இல்லை' என்று பெலேயின் கையில் யாரும் கடவுச்சீட்டைக் கொடுத்துக் கப்பலேற்றவில்லை. எல்கடுவைப் பக்கமிருந்து தலைமன்னார்க் கப்பலுக்குப் போன குடும்பங்களில் என்னோடு பந்தடித்த பையன்களும் இருந்தார்கள்.

எங்கள் மலையைத் தின்ற அந்தத் துரு பிரேசிலைத் தொட ஒரு நூற்றாண்டு எடுத்தது. 1970 ஜனவரியில் பாஹியா மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். பெலே மூன்றாவது முறை உலகக் கிண்ணம் தூக்கிய ஆண்டு அது. அதற்குள் மருந்தும், பிறகு நோய் தாங்கும் இனங்களும் வந்துவிட்டதால் அவர்களுடைய கோப்பி தப்பியது.

1974இல் பெலே சான்டோஸை விட்டார். 2011இல் நெய்மார் ஆடிய சான்டோஸ் அணி தென்னமெரிக்கக் கழகக் கிண்ணத்தை மீண்டும் கொண்டுவந்தது. 2014இல், பழைய கோப்பி ரயில் நிலையம் இருக்கும் வலோங்கோவில் பெலே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2022 டிசெம்பர் 29இல் அவர் இறந்தபோது விலா பெல்மிரோவின் நடுவில்தான் உடலை வைத்தார்கள். ஒரு நாள் முழுவதும், இரவும் பகலுமாக 2,30,000 பேர் வரிசையில் வந்தார்கள்.

அடுத்த ஆண்டு முடிவதற்குள், 2023 டிசெம்பர் 6ஆம் திகதி, அதே மைதானத்தில் போர்த்தலேசாவிடம் தோற்றுச் சான்டோஸ் 111 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. முதல் பிரிவுக்குத் திரும்பும்வரை பெலேயின் 10ஆம் இலக்க மேலாடையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று கழகம் அறிவித்தது. 2024இல் இரண்டாம் பிரிவுச் சம்பியனாகித் திரும்பியது. 2025 பெப்ரவரி 5ஆம் திகதி, தன் 33ஆவது பிறந்த நாளில், நெய்மார் அந்த 10ஐப் போட்டுக்கொண்டு விலா பெல்மிரோவில் இறங்கினார். எதிரே நின்றது, 1964இல் பெலேயிடம் எட்டுக் கோல் வாங்கிய அதே ரிபெய்ராவ் பிரெட்டோ அணி. ஆட்டம் 1–1.