பிஸ்டன் இல்லாத எஞ்சின்

எஞ்சின் என்றாலே பிஸ்டன்தான் நினைவுக்கு வரும். ஆனால் முக்கோண ரோட்டார் ஒன்று சுழன்றே சக்தி தரும் எஞ்சினை, பெலிக்ஸ் வாங்கெலின் யோசனைப்படி ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1957-ல் ஓட்டிக் காட்டியது. எடை குறைவு, சக்தி அதிகம். விமானத்துக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் மஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினைப் பொருத்தினார்கள். 2 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், சக்தியும் குறையும். அதை ஈடுகட்ட, வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவைச் சிலர் சேர்த்தார்கள். ரோட்டரியின் புகை மிகச் சூடானது. காருக்குச் செய்த டர்போ அதை மணிக்கணக்கில் தாங்குவது கடினம்.

நம் நாட்டில்? ராணுவத்தின் 'நிஷாந்த்' ஆளில்லா விமானம் இறக்குமதி எஞ்சினில் பறந்தது. அதற்கு மாற்றாக, பெங்களூரின் என்.ஏ.எல்., ஏ.டி.இ., அகமதுநகரின் வி.ஆர்.டி.இ. ஆகிய மூன்றும் சேர்ந்து 55 குதிரைத்திறன் ரோட்டரி எஞ்சினை உருவாக்கின. எடை சுமார் 30 கிலோ. ரோட்டாரின் முனைகள் உரசும் உள்சுவருக்கு நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு. காஞ்சிபுரத்திலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் போனால் வரும் கோலாருக்கு அருகே, உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்றில் 2009-ல் சோதனை நடந்தது. விமானம் 1.8 கி.மீ. உயரம் ஏறி, 40 நிமிடம் பறந்து, வறண்ட ஏரியில் பத்திரமாக இறங்கியது.

ஆனால் நிஷாந்த் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்ததால் 2015-ல் ராணுவம் மேற்கொண்டு வாங்குவதைக் கைவிட்டது. மஸ்டா எஞ்சின் லட்சக்கணக்கான கார்களில் ஓடியது. அதனால்தான் வீட்டில் விமானம் கட்டுபவருக்கும் மலிவாகக் கிடைத்தது. நம் எஞ்சினோ ஒரே விமானத்தை நம்பிப் பிறந்தது. தொழில்நுட்பம் தேறினால் மட்டும் போதாது, வாங்குவதற்குப் பலர் வேண்டும்.