மாயாவி முதல்ல திருடனா? நான்கு தேதிகளின் கதை

எங்க ஊர் கோயில் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவர் சிவன்தான் பெரியவர் என்கிறார். மற்றவர் இல்லவே இல்லை, திருமால்தான் என்கிறார். வாதம் முடியாமல் அம்பாளிடம் போய் நிற்கிறார்கள். கோமதி அம்பாள் தவமிருக்க, ஆடி உத்திராடத்தன்று பாதி சங்கரன், பாதி நாராயணன் என்று ஒரே உருவமாகச் சுவாமி காட்சி கொடுக்கிறார். வருடாவருடம் ஆடித்தபசு நடப்பது இதற்காகத்தான். வெளியூர் நண்பர்களிடம் நான் விளையாட்டாகச் சொல்வேன்: சங்கரன்கோவில் வரலாறே ஒரு ரசிகர் சண்டையில்தான் ஆரம்பிக்குது.

2025 ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இன்னொரு ரசிகர் சண்டையைப் பார்க்கக் கிடைத்தது. அக்கா மகனும் அவனுடைய சேக்காளிகள் மூன்று பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, அப்போது வந்திருந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். கேள்விகள் மூன்று. ஒன்று, இந்தப் படம் 'எண்ட்கேம்' கதைக்கு முன்னாடி நடக்குதா, பின்னாடி நடக்குதா? படம் 1960-களில் நடக்கிறது, ஆனால் வேறொரு பூமியில். அதனால் "அது அந்தக் கணக்குலயே சேராது" என்றான் ஒருவன். இரண்டு, வில்லன் கலாக்டஸ் சரியாக வந்திருக்கிறானா? அவனுடைய தூதராக வரும் வெள்ளி நிற சர்ஃபர் காமிக்ஸில் ஆண், படத்தில் ஏன் பெண்? மூன்று, படம் நல்லாருக்கா, இல்லையா?

இதோடு ஒரு உபரிக் கவலையும் இருந்தது. பதினோரு வருடம் அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி, அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தில் டாக்டர் டூம் என்ற வில்லனாக வரப்போகிறார் என்று 2024 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். "ஹீரோவா பாத்த மூஞ்சிய எப்படி மாமா வில்லனா பாக்குறது?" என்று மருமகன் என்னிடம் கேட்டான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், இதே கேள்வியில் நான் ஒரு மனுசனோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

அண்ணன் சொன்ன பொய்

1990 இருக்கும். எனக்குப் பத்து வயசு. பெரியம்மா மகன் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர், தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே என்னிடம் காமிக்ஸ் பற்றி கத்திப் பேசக்கூடிய ஒரே பெரிய மனுசன் அவர்தான். ஒருநாள் சொன்னார்: "இரும்புக்கை மாயாவி இருக்காம்லா, அவன் முதல்ல திருடன்டே. லண்டனையே கலக்குனவன். பெறவுதான் திருந்தி நல்லவன் ஆனான்."

எனக்கு அப்படியொரு கோபம். நான் படித்த கதைகளில் மாயாவி நிழல்படையின் உளவாளி. உலகத்தைக் காப்பாற்றுகிறவர். கரண்டில் கையை வைப்பார், உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும், எதிரிகள் அலறுவார்கள். அவரைப் போய்த் திருடன் என்றால்? "புத்தகத்தக் காட்டுங்க" என்றேன். அவரிடம் இல்லை. யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. "அப்ப பொய்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் தறிப் பக்கமே போகவில்லை.

அண்ணன் சொன்னது பொய் இல்லை என்பது தெரிய எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் தேதி: லண்டன்

'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழ் 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. அதன் தொடர்களில் ஒன்று 'ஸ்டீல் க்ளா'. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலதுகை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. இரும்புக்கை தவிர மொத்த உடம்பும் மறைகிறது. இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் செய்கிற முதல் வேலை நாட்டைக் காப்பது இல்லை, குற்றத்தில் இறங்குவது. உளவாளி வேலை, நிழல்படை எல்லாம் பிற்பாடு வந்தவை.

இவன் மட்டும் இல்லை. 1965-ல் 'லயன்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் வார இதழில் 'ஸ்பைடர்' வந்தான். கூர்ந்த காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. நம்ம ஊர் வாசகர்கள் செல்லமாகக் கூர்மண்டையன் என்பார்களே, அவன்தான். அவனுடைய லட்சியமே குற்ற உலகத்துக்கு ராஜா ஆவது. பெல்ஹாம் என்ற விஞ்ஞானியையும் ஆர்டினி என்ற பூட்டு உடைக்கிறவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு கொள்ளைக் கூட்டமே நடத்துகிறான். பிறகு மெல்ல மெல்ல நல்லவன் பக்கம் சாய்கிறான்.

முதலில் டெட் கோவன் எழுதிய இந்தத் தொடரைப் பிற்பாடு எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். சூப்பர்மேன் உரிமையை இருவரும் சேர்ந்து 130 டாலருக்கு விற்றுவிட்டு, அப்புறம் பதிப்பாளரோடு வழக்காடி, 1960-களில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். உலகத்தின் மிக நல்லவனைப் படைத்த கைதான் நம்ம கூர்மண்டையனுக்கும் வசனம் எழுதியது.

மருமகன் பார்த்த படம் நடப்பது 1960-களில் என்றேன் இல்லையா? ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸாக வந்தது 1961. மார்வெலின் ஸ்பைடர்மேன் 1962. மாயாவி 1962. எல்லாரும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

இரண்டாம் தேதி: சிவகாசி

எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் சிவகாசி போய்விடலாம். பட்டாசும் அச்சகமும் இருக்கிற அந்த ஊரில் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. லண்டனில் பிறந்து பத்தாவது வருடம் சிவகாசியில் தமிழ் பேச ஆரம்பித்தார். 1984-ல் எஸ்.விஜயன் ஆசிரியராக லயன் காமிக்ஸ் தொடங்கினார். ஸ்பைடர் தமிழில் கொடிகட்டிப் பறந்தது இதில்தான். பிரிட்டனிலும் லயன், சிவகாசியிலும் லயன்.

அதே 1984-ல் ராணி காமிக்ஸும் வந்தது. இங்கேதான் குழப்பம் முற்றியது. லீ ஃபாக் 1936-ல் படைத்த ஃபேண்டம், முத்து காமிக்ஸில் 'வேதாளர்'. அதே ஆள் 1990-களில் ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி'. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், ஒரே பெயரில் இரண்டு ஆள். டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் பிரைமரி கீயே கிடையாது. "மாயாவி எப்படிச் செத்தாலும் திரும்ப வருவார்" என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்வான். "மாயாவிக்குச் சாவே கிடையாது, கரண்ட் தீர்ந்தாத்தான் தெரிவார்" என்று இன்னொருவன் சொல்வான். ரெண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். ரெண்டு பேரும் வேறு வேறு மாயாவியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது யாருக்கும் உறைக்காது.

2002-ல் ஹாலிவுட் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது, "என்னடே, காது கூராவே இல்ல?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாம் தேதி: கதைக்குள்ளே ஓடும் காலம்

பசங்க 'டைம்லைன்' என்று சொல்வது இதைத்தான். கதைக்குள் எது முதலில் நடந்தது, எது பிறகு. ஃபேண்டம் கதையில் முதல் ஃபேண்டம் சபதம் எடுத்தது 1536-ல், இப்போது இருப்பவர் 21-வது தலைமுறை. இப்படித் தெளிவாக எழுதிவைத்திருந்தால் பிரச்சினை இல்லை. மாயாவிக்கு அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. திருடனாக இருந்த கதையும் உளவாளியான கதையும் தனித்தனிப் புத்தகங்கள். மறுபதிப்பு எது, புதுசு எது என்று பத்து வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

நான்காம் தேதி: என் கைக்கு வந்த நாள்

இந்தத் தேதிதான் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அண்ணன் 1970-களில் வந்த இதழ்களை வந்த சூட்டோடு படித்தவர். நான் வாடகை நூல் நிலையத்தில் நாலணா கொடுத்து, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போனதைப் படித்தவன். அவர் மாயாவியைத் திருடனாகச் சந்தித்தார். நான் போலீஸ் பக்கத்து ஆளாகச் சந்தித்தேன். நாங்கள் சண்டை போட்டது மாயாவியைப் பற்றி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அவரவர் கைக்கு எது முதலில் வந்ததோ, அதைப் பற்றித்தான்.

'நல்லாருக்கா, இல்லையா' சண்டையில் முக்கால்வாசியும் இந்த நான்காம் தேதியில்தான் வருகிறது என்பது என் கட்சி. ஆனால் முழுவதும் இல்லை. தரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சில வருடங்களுக்கு முன் மாயாவியைத் திரும்பப் படித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி சாகப் போகிறார், உடனே தப்பிக்கிறார். மறுபடி சாகப் போகிறார். காரணம் பிறகுதான் புரிந்தது. அது வாராவாரம் ரெண்டு மூணு பக்கமாக வந்த தொடர். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு ஆபத்தில் நிறுத்தினால்தான் பையன் அடுத்த வாரம் காசு கொடுப்பான். அதை மொத்தமாகத் தைத்து ஒரே புத்தகமாகப் போட்டால் முட்டுச்சந்து முட்டுச்சந்தாகத் தெரியும். கதை மோசம் இல்லை, கோப்பு வடிவம் மாறிவிட்டது. இன்றைய படங்களில் பெயர் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வைத்து அடுத்த வில்லனைக் காட்டுகிறார்களே, அதுவும் அதே வியாபாரம்தான்.

பிளாஸ்கோவின் படங்கள் மட்டும் இன்றைக்கும் அலுக்கவில்லை. இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்து அவர் வரைந்த அந்தத் தனிக் கையைப் பார்த்தால் இப்போதும் முதுகில் சில்லென்று இருக்கும்.

ஏன் இதை எழுதிவைக்கணும்?

'வேலியன்ட்', 'லயன்' இதழ்களின் உரிமை கைமாறி கைமாறிக் கடைசியில் 2018-ல் ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வீடியோ கேம் செய்கிறவர்கள். 2021-ல் மாயாவியின் ஆரம்பக் கதைகளையும் ஸ்பைடரின் ஆரம்பக் கதைகளையும் ஒழுங்கான வரிசையில் புத்தகமாகப் போட்டார்கள். அங்கே முதல் தேதி பத்திரமாகிவிட்டது. இங்கே சிவகாசியிலும் லயன், முத்து இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் கூடுகிறார்கள், யாரிடம் எந்த இதழ் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். நம்ம பக்கத்து வரலாறு பெரும்பாலும் இப்படி ரசிகர்கள் வாய்ப்பேச்சிலும் வீட்டுப் பரணிலும்தான் இருக்கிறது.

லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்கும் ஆசையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். என்றைக்காவது வரட்டும். அது என்ன கதையாகவும் இருக்கட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறவன் முதலில் திருடனாக இருந்தான் என்பதை மறந்துவிட வேண்டாம் என்பதுதான் என் ஆசை. தப்பு செய்யாத மாயாவிக்குத் திருந்துவதற்கு எதுவும் இல்லை. திருந்துகிற இடம்தான் அந்தக் கதையின் உயிர்.

மருமகனிடம் இதையெல்லாம் நான்கு கட்டம் போட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "அப்ப டவுனி மேட்டர்ல நாங்க டென்சன் ஆகக் கூடாதுங்கிறீங்க" என்றான். "ஆகலாம் மாப்ளே. ஆனா உன் தம்பிமார்ல எவனாவது அவர முதல்ல வில்லனாத்தான் பாப்பான். அவன்கிட்ட சண்டை போடாத" என்றேன்.

மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். தறி இல்லை இப்போது, மகன் வீட்டில் இருக்கிறார். செல்போனில் இருந்த 1962-ம் வருசத்துப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பவே சொன்னேம்லா" என்றார். அவ்வளவுதான். காபி வந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் ஏதாவது இருந்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள். வாங்கிய தேதியை யாராவது பேனாவில் எழுதிவைத்திருந்தால், இதழின் பெயரோடு அதையும் எனக்கு எழுதுங்கள். ஒரு அட்டவணை ஆரம்பித்திருக்கிறேன். நான்காவது கட்டம் ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கிறது.